ஏறிய கால்களும் சுமந்த தோள்களும்

தமிழ்நாட்டில் ஒரு கட்சி தோன்றுவது மழைக்காலத்தில் காளான் தோன்றுவது போன்றதன்று. காளானுக்கு ஈரம் போதும். கட்சிக்கோ மக்களின் கண்ணீர் வேண்டும். எந்த ஊரில் எந்த மக்கள் எதனை இழந்து நிற்கின்றனரோ, அந்த ஊரில் அந்த இழப்பின் மேல்தான் கட்சிகள் கொடிக்கம்பம் நடுகின்றன. நடுவது பிழையன்று. கொடி ஏறியபின், கம்பத்தின் அடியில் எது புதைந்து கிடக்கின்றது என்பதை மறந்துவிடுவதே பிழை. இப்பிழை நம் நாட்டில் ஒருமுறை மட்டும் நிகழ்ந்ததன்று. ஒரு கட்சி மட்டும் செய்ததுமன்று. தலைமுறை தலைமுறையாக நடந்து வருவது. அதனை நம் பழைய தென்னார்க்காட்டு மண்ணை வைத்தே இங்கு எடுத்துக்காட்ட விழைகின்றேன்.

இதனை இப்போது எழுத நேர்ந்ததற்கு ஒரு நிகழ்ச்சி தூண்டுதலாயிற்று. 2024 பிப்பிரவரியில் திரைப்பட நடிகர் விசய் ஒரு கட்சியைத் தொடங்கினார். அவ்வாண்டு அக்தோபர் 27-ஆம் நாள் அதன் முதல் மாநில மாநாடு விக்கிரவாண்டியில் நடந்தது. 1993-இல் தென்னார்க்காடு கடலூர் என்றும் விழுப்புரம் என்றும் இரண்டாகப் பிரிவதற்கு முன், விக்கிரவாண்டியும் நம் மாவட்டத்து ஊரே. நம் பக்கத்து இளைஞர்கள் திரள்திரளாகச் சென்று வந்தனர். மறுநாள் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, இவர்களாவது தமிழுக்கு ஏதேனும் செய்வார்களா?” என்று வினவினான்.

‘இவர்களாவது’ என்னும் அச்சொல் என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. பதினாறு அகவைச் சிறுவன்! முன்னிருந்தோர் எவரும் முழுமையாகச் செய்யவில்லை என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தனர்? எந்தப் பாடநூலிலும் அது இல்லை. அவன் காற்றிலிருந்தே அதைக் கற்றிருக்கின்றான்.

அவனுக்கு அன்று ஓர் ஒற்றெழுத்தின் கதையைச் சொன்னேன். அக்கட்சியின் பெயர் முதலில் அறிவிக்கப்பட்டபோது ‘தமிழக வெற்றி கழகம்’ என்று, வல்லின ஒற்று மிகாமல் இருந்தது. தமிழறிந்தோர் பலர் பிழையைச் சுட்டினர். சின்னாட்களில் அது ‘வெற்றிக் கழகம்’ என்று திருத்தப்பட்டது. “தம்பி, ஒரு ‘க்’கன்னாகூட நாம் கேட்டால்தான் நமக்குக் கிடைக்கின்றது. ஆனால் கேட்டபின் கிடைத்தது என்பதையும் மறவாதே” என்றேன். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவன் வினாவுக்கு முழு விடையை அன்று நான் சொல்லவில்லை. அதனையே இக்கட்டுரையாக எழுதுகின்றேன்.

மூன்றாண்டு வாழ்ந்த கட்சி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 2019-இல் திறக்கப்பட்ட மணிமண்டபம் ஒன்று உள்ளது. எசு.எசு. இராமசாமிப் படையாட்சியாரின் நினைவாக எழுப்பப்பட்டது அது. நம் மாணவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதின்மர் அதனைக் கடந்து செல்வர். அவர் யார் என்று உசாவார். உசாவியிருந்தால் இந்தியத் துணைக்கண்டத்தில் வட்டாரக் கட்சிகள் எழுந்து வீழும் முறையை அவ்வொரு வாழ்க்கையிலேயே கற்றிருப்பர்.

1951-இல் படையாட்சியார் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியைத் தொடங்கினார். ஏர் பிடித்தும் நாற்று நட்டும் சோறளித்த பெருந்தொகை வன்னிய மக்கள், பள்ளியிலும் அரசு அலுவலிலும் தமக்குரிய பங்கின்றி நின்ற காலம் அது. வடார்க்காட்டிலும் செங்கற்பட்டிலும் மாணிக்கவேலர் தலைமையில் காமன்வீல் கட்சி எழுந்தது. 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் உழைப்பாளர் கட்சி பத்தொன்பது சட்டமன்ற இடங்களையும், காமன்வீல் கட்சி ஆறு இடங்களையும் வென்றன. நாடாளுமன்றத்துக்கும் முன்னது நால்வரையும் பின்னது மூவரையும் அனுப்பின. ஓராண்டே ஆன ஒரு கட்சிக்கு இது சிறு வெற்றியன்று. அத்தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் நேரடியாகப் போட்டியிடவில்லை; தன் கொள்கையை ஏற்று ஒப்பமிட்ட பிற வேட்பாளர்க்குத் துணைநின்றது. அத்துணையைப் பெற்றோருள் இவ்விரு கட்சியினரும் அடங்குவர்.

அந்நாளில் 375 இடங்களைக் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் பேராயக் கட்சி 152 இடங்களே பெற்றுப் பெரும்பான்மையின்றித் தவித்தது. தவித்த வாய்க்குத் தண்ணீர் ஊற்றியோர் யார்? பேராயக் கட்சியை எதிர்த்து மக்களிடம் ஒப்போலை பெற்றவர்களே! இராசாசியின் அமைச்சரவையில் 1952-இலேயே மாணிக்கவேலர் அமர்ந்தார். 1954-இல் காமராசர் முதலமைச்சரானபோது படையாட்சியாரும் அமைச்சரானார். கட்சிகள் இரண்டும் கலைந்து பேராயக் கட்சியிற் கரைந்தன. கெடிலம் ஆறு கடலிற் கலந்தபின் இது கெடிலத்து நீர், இது கடல்நீர் என்று யாரே பிரித்துக் காட்டவல்லார்?

படையாட்சியாரின் உழைப்பை இழித்துரைப்பது என் கருத்தன்று. தம் மக்களைத் தலைநிமிரச் செய்தவர் அவர். ஆயினும் வரலாற்றின் கணக்கு இரக்கமற்றது. தலைவர்க்கு இருக்கை கிடைத்தது. மக்களின் குறை அப்படியே இருந்தது. இருந்ததனாற்றான் 1980-இல் மருத்துவர் இராமதாசு வன்னியர் சங்கத்தை அமைக்க நேர்ந்தது. 1987 செபுதம்பரில் ஒரு கிழமை சாலை மறியல் நடந்தது. இருபத்தொருவர் உயிர் நீத்தனர். அதன் பின்னரே, 1989-இல், மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு நூற்றுக்கு இருபது இட ஒதுக்கீடு வந்தது. 1952-இல் கையிலிருந்த இருபத்தைந்து சட்டமன்ற உறுப்பினரைக் கொண்டு கேட்டுப் பெற்றிருக்க வேண்டியதை, முப்பத்தைந்து ஆண்டு கழித்து இருபத்தொரு பிணங்களைக் கொடுத்துக் கேட்டோம். அம்மறியலின்போது நான் பள்ளி மாணவன். வெட்டிச் சாய்த்த புளியமரங்கள் சாலையிற் கிடந்த காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கின்றது.

இது முதற் பாடம். ஒரு கட்சியின் வெற்றி வேறு. அக்கட்சியை எழுப்பிய குறையின் தீர்வு வேறு. முன்னது நிகழ்ந்தவுடன் பின்னதும் நிகழ்ந்துவிட்டதாக நம்பி உறங்குவோர் ஏமாறுவர்.

குருதியில் முளைத்த ஆட்சி

இரண்டாம் பாடம் தில்லையில் உள்ளது.

1949 செபுதம்பர் 17-இல் தோன்றிய தி.மு.க., 1957-இல் பதினைந்து சட்டமன்ற இடங்களையும் 1962-இல் ஐம்பது இடங்களையும் பெற்றது. 1967-இலோ 137 இடங்களைப் பெற்று ஆட்சியைக் கைப்பற்றியது. ஐம்பது நூற்று முப்பத்தேழாக மாறிய அவ்வைந்தாண்டில் நிகழ்ந்தது என்ன? அரிசித் தட்டுப்பாடு இருந்தது, விலையேற்றம் இருந்தது, வலிய கூட்டணியும் இருந்தது. இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் நெருப்பு எங்கிருந்து வந்தது? 1965 சனவரியிலிருந்து வந்தது.

அவ்வாண்டு சனவரி 26 முதல் இந்தியே நடுவணரசின் ஒரே ஆட்சிமொழி என்பது இந்திய அரசியற் சட்டத்தின் ஏற்பாடு. 25-இல் மதுரையில் மாணவர் போர் மூண்டது. 27-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் அணிவகுத்து வந்தபோது காவலரின் துமுக்கி வெடித்தது. இராசேந்திரன் என்னும் மாணவன் மண்ணிற் சாய்ந்தான். அவன் எந்தக் கட்சிக்கும் உறுப்பினனாகச் சாகவில்லை; எந்த இருக்கைக்கும் வேட்பாளனாகச் சாகவில்லை. தன் தாய்மொழி தன் நாட்டிலேயே இரண்டாந்தரமாகக் கூடாது என்பதற்காகச் செத்தான். அப்போராட்டத்தில் நாடெங்கும் மாண்டோர் அரசுக் கணக்கின்படியே ஏறத்தாழ எழுபதின்மர்.

எனக்குத் தமிழ் பயிற்றிய ஆசிரியர் ஒருவர் அன்று அப்பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்தவர். அவர் பாடம் நடத்தும்போது எத்தனையோ முறை அந்நாளைப் பற்றிக் கேட்டிருக்கின்றோம். ஒருமுறையும் அவர் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. “ஓடினோம், திரும்பிப் பார்த்தோம், ஒருவன் எழவில்லை” என்பார். அவ்வளவில் அவர் நா தழுதழுக்கும். பின்பு நூலைப் புரட்டுவார்.

போரை நடத்தியோர் மாணவர். அண்ணாத்துரை முதலிய தலைவர்கள் சிறை சென்றது மெய். துயர நாள் அறிவித்ததும் மெய். ஆயினும் தெருவில் நின்று மார்பு காட்டியோர் கட்சிக்காரர் என்பதினும் மாணவர் என்பதே பொருந்தும். இரண்டாண்டில் அறுவடை வந்தது. விருதுநகரில் காமராசரையே மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் தோற்கடித்தார். மாணவர் சிந்திய குருதி ஒப்போலைப் பெட்டியில் விழுந்து ஆட்சியாக முளைத்தது. இந்தியாவில் ஒரு வட்டாரக் கட்சி, பிற கட்சியிற் கரையாமல், தனித்தே பெரும்பான்மை பெற்று ஒரு மாநிலத்தை ஆளத் தொடங்கிய அந்நிகழ்ச்சியைப் பிற மாநிலத்தார் வியந்து நோக்கினர். பதினாறாண்டு கழித்து, 1983 சனவரியில், ஆந்திரத்தில் தெலுங்கு தேசம் கட்சி தோன்றிய ஒன்பதாம் திங்களிலேயே ஆட்சி பிடித்தது. வழி காட்டியது தமிழ்நாடு.

இனி அதே தில்லையின் இன்னொரு நாளையும் எழுதத்தான் வேண்டும். 1971-இல் முதலமைச்சர் கருணாநிதிக்கு அதே பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. மாணவரில் ஒரு சாரார் எதிர்த்தனர். காவலர் தடியடி நடத்தினர். பின்னர் வளாகத்துக் குளத்தில் ஓர் உடல் மிதந்தது. அது உதயகுமார் என்னும் மாணவனுடையது என்று மாணவர்கள் கதறினர். உசாவல் ஆணையம் அமைக்கப்பட்டது. யார் மீது எவ்வளவு குற்றம் என்று தீர்ப்பளிக்க நான் முறைவனல்லன். ஒன்றை மட்டும் சொல்வேன். 1965-இல் மாணவரைத் துரத்திய தடி பேராயக் கட்சி ஆட்சியின் தடி. 1971-இல் துரத்திய தடி, அம்மாணவரின் தோளேறி வந்த ஆட்சியின் தடி. கை மாறியது, தடி மாறவில்லை.

கொடுத்தனவும் கொடாதனவும்

வெறுப்பினால் எழுதுவோர் ஒரு பக்கக் கணக்கையே எழுதுவர். நாம் இருபக்கமும் எழுதுவோம்.

கொடுத்தன எவை? 1968 சனவரி 23-இல் மும்மொழித் திட்டம் நீக்கப்பட்டு, தமிழும் ஆங்கிலமுமே என்னும் இருமொழிக் கொள்கை சட்டமன்றத்தில் முடிவு செய்யப்பட்டது. 1969 சனவரி 14 முதல் நம் மாநிலம் தன் பெயரைப் பெற்றது. அதற்காக 1956-இல் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சங்கரலிங்கனாரின் கனவு நிறைவேறியது. 1972-இல் பிரிந்த அ.தி.மு.க.வின் ஆட்சியில், 1981-இல், தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் எழுந்தது. 2004-இல் நடுவணரசு தமிழைச் செம்மொழி என அறிவித்தது. 2006-இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. 2010-இல் தமிழ்வழி பயின்றோர்க்கு மாநில அரசுப் பணியில் நூற்றுக்கு இருபது இடம் ஒதுக்கும் சட்டம் வந்தது. இவற்றையெல்லாம் மறைப்பவன் நன்றி கொன்றவன்.

கொடாதன எவை?

ஒன்று, பயிற்றுமொழி. 1970-இல் கல்லூரியில் தமிழைப் பயிற்றுமொழியாக்க முயன்றனர். எதிர்ப்பு எழுந்தவுடன் பின்வாங்கினர். இந்தியை எதிர்த்துத் துமுக்கிக்கு அஞ்சாத இயக்கம், ஆங்கிலத்தை விரும்பிய கூச்சலுக்கு அஞ்சியது! இரு கழகங்களின் ஆட்சியிலும் ஆங்கிலவழிப் பள்ளிகள் ஊர்தோறும், பின் தெருத்தோறும் பெருகின. 1999-இல் ஐந்தாம் வகுப்புவரை தமிழ்வழி என்று ஓர் ஆணை வந்தது. 2000-இல் உயர்முறைமன்றம் அதனைத் தள்ளியது. தள்ளியபின் நிகழ்ந்த கிளர்ச்சி என்ன? சாலை மறியல் உண்டா? கறுப்புக்கொடி உண்டா? 2012-13-ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே ஆங்கிலவழி வகுப்புகள் நுழைக்கப்பட்டன. செயலலிதா அம்மையார் ஆட்சியில் நுழைந்தவை, அதன்பின் வந்த தி.மு.க. ஆட்சியிலும் வெளியேறவில்லை.

இரண்டு, முறைமன்றம். இந்திய அரசியற் சட்டத்தின் 348-ஆம் பிரிவு, குடியரசுத் தலைவரின் இசைவோடு உயர்முறைமன்றத்தில் மாநில மொழியைப் பயன்படுத்த இடந்தருகின்றது. உத்தரப்பிரதேசம், பீகார், இராசத்தான், மத்தியப்பிரதேசம் ஆகிய நான்கிலும் இந்தி அவ்வாறு நுழைந்துவிட்டது. 2006-இல் நம் சட்டமன்றம் தமிழுக்கு அவ்வுரிமை வேண்டி ஒருமனதாகக் கேட்டது. தில்லி மறுத்தது. அப்பொழுது தில்லி அமைச்சரவையில் அமர்ந்திருந்தோர் யார்? தி.மு.க. 1999 முதல் 2003 வரையிலும், பின்னர் 2004 முதல் 2013 வரையிலும் நடுவணாட்சியில் பங்கு பெற்றிருந்தது. பா.ம.க.வும் பங்கு பெற்றது, அ.தி.மு.க.வும் 1998-இல் பங்கு பெற்றது. துறைகளுக்காகப் பேரம் பேசிய நாட்களில், இந்த ஒரு கையொப்பத்துக்காக ஒரே ஒரு நாள் ஓர் அமைச்சரேனும் விலகியிருந்தால், இன்று உயர்முறைமன்றத்தில் தன் வழக்கு எவ்வாறு நடக்கின்றதென்று விளங்காமல் திருதிருவென விழிக்கும் உழவன் தலைநிமிர்ந்திருப்பான் அல்லனோ?

1952-இல் உழைப்பாளர் கட்சி செய்ததும் இதுவே. அது கரைந்தது, இவை கரையாமல் நின்றன, வேறுபாடு அவ்வளவே. அமைச்சுப் பொறுப்பு கிடைத்தவிடத்துக் குறிக்கோள் ஒத்திவைக்கப்படுவது இருவரிடத்தும் ஒன்றே.

இரு தெரு, ஒரு மொழி

நம் மாவட்டத்து மண்ணில் பின்னெழுந்த இரு கட்சிகளைக் குறிப்பிடாமல் இக்கட்டுரை நிறையாது. 1989 சூலை 16-இல் தோன்றியது பாட்டாளி மக்கள் கட்சி. விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் தலைவர் திருமாவளவனைத் தில்லைத் தொகுதி மக்கள் 2009, 2019, 2024 ஆகிய மூன்று தேர்தல்களில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். ஒடுக்கப்பட்ட இரு பெருமக்களின் எழுச்சி இவை. இருவருமே தமிழைக் கொடியில் எழுதியவர்கள். ஒருவர் தொலைக்காட்சியில் நற்றமிழ் ஒலிக்கச் செய்தார். மற்றொருவர் தம் தொண்டர்க்கும் அவர்தம் தந்தையர்க்கும் தமிழ்ப்பெயர் சூட்டுவித்தார். 2004-இல் இருவரும் ஒரே மேடையில் தமிழ்ப் பாதுகாப்பு இயக்கம் கண்டனர். திரைப்படங்களுக்குத் தமிழ்ப்பெயர் வேண்டும் என்று குரல் எழுந்தது. 2006-இல் தமிழ்ப்பெயர் தாங்கிய படங்களுக்குக் கேளிக்கை வரி நீக்கப்பட்டது. ஆங்கிலத் தலைப்புகள் ஓடி ஒளிந்தன.

பார்த்தீர்களா? ஒரே சேற்றில் கால்வைத்து நாற்று நடும் இரு தெருவினர் ஈராண்டு சேர்ந்து நின்றதற்கே அரசு அசைந்தது. அம்மேடை நிலைத்திருந்தால் பயிற்றுமொழியும் முறைமன்றமும் வந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகின்றேன். தேர்தல் வந்தது, கூட்டணிகள் பிரிந்தன, தெருக்களுக்கிடையே மீண்டும் சுவர் எழுந்தது. குலத்தாற் பிரிந்த தமிழனை மொழியால் ஒன்றாக்க முடியும் என்பதற்கு நம் கண்முன் கிடைத்த சான்றை நாமே கலைத்துவிட்டோம்.

தில்லைக் கோவிலையும் நினைவிற் கொள்க. சிற்றம்பல மேடையில் ஏறித் தேவாரம் பாட முதிய அடியார் ஆறுமுகசாமி பட்டபாடு நாடறியும். அவர் அடிபட்டார், வழக்காடினார், நம் இயக்கத்தாரும் பிற இயக்கத்தாரும் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றனர். அதன் பின்னரே அரசு ஆணை பிறந்து, 2008 மார்ச்சு 2-ஆம் நாள் அவர் காவலர் துணையுடன் பாடினார். கோவிலாட்சி குறித்த வழக்கில் 2014-இல் உச்சமுறைமன்றம் தீட்சிதர் பக்கம் தீர்ப்பளித்தது வேறு கதை. ஆயின் பாடும் உரிமையை எந்தக் கட்சியும் தட்டில் வைத்து நீட்டவில்லை. கேட்டவர் விடாமல் கேட்டார். கொடுத்தவர் வேறு வழியின்றிக் கொடுத்தார்.

கியூபெக்கு கற்பிக்கும் பாடம்

“ஆட்சிக்கு வந்த கட்சிகள் எங்கும் இப்படித்தான்” என்று சோம்பியிருப்போர்க்கு ஓர் அயல்நாட்டுச் சான்று. கனடா நாட்டின் கியூபெக்கு மாநிலத்தார் பிரெஞ்சு மொழியினர். சுற்றிலும் ஆங்கிலக் கடல். 1968-இல் அங்கு ஒரு மாநிலக் கட்சி தோன்றியது. 1976 நவம்பரில் ஆட்சியைப் பிடித்தது. 1977 ஆகத்தில், ஒன்பதே திங்களில், பிரெஞ்சு மொழிச் சட்டம் நிறைவேறியது. தொழிற்சாலையில் வேலைமொழி பிரெஞ்சு. கடைப் பலகையில் பிரெஞ்சு. வெளிநாட்டிலிருந்து குடியேறுவோரின் பிள்ளைகள் படிக்க வேண்டியது பிரெஞ்சுப் பள்ளி. பெருநிறுவனங்கள் சில ஊரைவிட்டுப் போயின. முறைமன்றங்கள் சட்டத்தின் சில பகுதிகளை வெட்டின. அவர்கள் அஞ்சவில்லை, வெட்டிய இடத்தைத் தைத்துக்கொண்டு நடந்தனர். ஈழத்திலிருந்து மொந்திரியாலுக்குக் குடிபெயர்ந்த நம் உறவுகளின் பிள்ளைகளும் அங்குப் பிரெஞ்சில்தான் பயில்கின்றனர். தன் மொழியைக் காக்கத் துணிந்த நாட்டில் தமிழ்ப்பிள்ளை பிரெஞ்சு கற்கின்றது; தன் மொழிக்காகக் குருதி சிந்திய நாட்டில் தமிழ்ப்பிள்ளை ஆங்கிலம் மட்டும் கற்கின்றது!

கனடாவின் மாநிலங்களுக்குள்ள அதிகாரம் நமக்கில்லை என்று கட்சிக்காரர் விடை கூறுவர். மெய்தான். 1963-இல் பிரிவினைத் தடைச் சட்டம் வந்தபோது தி.மு.க. தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. மாநிலத் தன்னாட்சி போதும் என்றது. அத்தன்னாட்சியையாவது பெற்றனரா? அதிகாரம் இல்லையெனில், இல்லாத அதிகாரத்தைக் கேட்பதே முதல் வேலை. அதனைக் கேளாமல், இல்லாமையையே சாக்காகக் காட்டுவது பசித்தவன் முன் உலைப்பானை ஓட்டையென்று சொல்லிவிட்டு உறங்குவதை ஒக்கும்.

நம் குற்றம்

இதுகாறும் கட்சிகளைக் குற்றஞ்சாட்டினேன். இனி என்னையும் சாட்டிக்கொள்ள வேண்டும். இல்லையெனில் இக்கட்டுரை எழுத எனக்குத் தகுதியில்லை.

நான் தமிழாசிரியன். மேடைதோறும் தாய்மொழிக் கல்வியைப் பேசியவன். என் மூத்த மகனை ஆங்கிலவழிப் பள்ளியிற் சேர்த்தேன். “ஊரோடு ஒத்துப்போக வேண்டும், பிள்ளை பின்தங்கிவிடுவான்” என்று வீட்டார் சொன்னதை ஏற்றேன். அவன் இன்று நல்ல வேலையில் இருக்கின்றான். சென்ற விடுமுறையில் வீட்டுக்கு வந்தவன், மேசைமேல் கிடந்த நம் இதழை எடுத்தான். இரண்டு வரி படித்தான், எழுத்துக்கூட்டிப் படித்தான், “கடினமாக இருக்கிறது அப்பா” என்று வைத்துவிட்டான். எத்தனையோ பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தறிவித்த என் கை, என் பிள்ளைக்கு அறிவிக்கவில்லை. அன்றிரவு நான் உண்ணவில்லை.

என் பள்ளியில் தமிழ்வழி வகுப்பு ஆண்டுக்காண்டு மெலிந்து வருகின்றது. பெற்றோரிடம் வீடுவீடாகச் சென்று வேண்டுகின்றோம். “ஐயா, உங்கள் பிள்ளை எங்கே படித்தான்?” என்று ஒரு தாய் கேட்டாள். அவள் கூலி வேலை செய்பவள். கல்லூரிப் பட்டம் பெற்ற என்னால் அவளுக்கு விடை சொல்ல இயலவில்லை. தலைகுனிந்து திரும்பினேன். கட்சித் தலைவரின் பேரன் எங்கே படிக்கின்றான் என்று கேட்கும் உரிமையை நான் அன்று இழந்தேன். நம்மில் எத்தனை பேர் அவ்வுரிமையை இழந்திருக்கின்றோம் என்று ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்க! கட்சிகள் நம்மை ஏமாற்றுவது நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்வதாற்றான். ஆங்கிலவழிப் பள்ளி வாயிலில் வரிசையில் நிற்பவன் தமிழ்வழிக் கல்விக்காக ஒப்போலை இடுவான் என்று எந்தக் கட்சி நம்பும்?

ஆதலின் தமிழன்பர்களே, இனி எந்தக் கட்சிக்காரர் நம் வாயிலில் வந்து நின்றாலும், பழையவராயினும் புதியவராயினும், சால்வை போர்த்துமுன் இவற்றைக் கேளுங்கள். அரசுப் பள்ளியின் தமிழ்வழி வகுப்பைக் காக்க என்ன செய்வீர்? உயர்முறைமன்றத்தில் தமிழ் நுழைய எந்த இருக்கையைத் துறப்பீர்? நும் பிள்ளை எம்மொழியிற் பயில்கின்றது? நும் கட்சியினரின் கடைப் பலகையில் தமிழ் எவ்விடத்தில் உள்ளது? எம் இரு தெருவையும் சேர்த்து வைப்பீரா, பிரித்து வைப்பீரா? விடையை எழுதி வாங்குங்கள். ஊர்ப் பொதுவிடத்தில் ஒட்டி வையுங்கள். ஐந்தாண்டு கழித்து அவ்வேட்டை எடுத்து விரித்து மீண்டும் கேளுங்கள். அதற்கு முன், நும் வீட்டுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு பக்கமேனும் தமிழ் படிக்கக் கற்பியுங்கள். நானும் தொடங்கிவிட்டேன். என் பேத்திக்கு நான்கு அகவை, அகரம் எழுதுகின்றாள்.

ஏறிச் சென்ற கால்களை நொந்து பயனில்லை. சுமந்த தோள்கள் நம்முடையவை. சுமக்கின்ற தோள் ஒருமுறை குலுங்கினால் ஏறி நிற்பவன் தானே கீழே நோக்குவான். 1965-இல் தில்லைத் தெருவில் தோள் குலுங்கியது. 1967-இல் கோட்டை இடிந்தது. அத்தோள் இன்னும் நம்மிடமே உள்ளது.

வகுப்பில் எழுந்து நின்ற மாணவனே, உன் வினாவுக்கு விடை இதுதான்: ‘இவர்களாவது செய்வார்களா?’ என்று கேளாதே. ‘நாமாவது விடாமல் கேட்போமா?’ என்று கேள். பல்கலைக்கழக வாயிலில் சிலையாக நிற்கும் இராசேந்திரன் உன்னினும் சில அகவையே மூத்தவன். அவன் யாரையும் எதிர்பார்த்து நின்றவனல்லன்.

எழுக!